குன்னூரில் ஒரு டெட் வகுப்பு: கணக்கு சாருக்காகச் சேரலாம், கவுன்ட்டரை நம்பிச் சேர வேண்டாம்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டில் ஏறினால் ஒரு பேக்கரி வரும். அதன் மாடியில்தான் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான இந்த வகுப்பு. வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ்: ‘பிளஸ் டூ போதும்! டிகிரி போதும்! நீங்களும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகலாம்!’ அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘டெட் தாள் 1, தாள் 2 வார இறுதி வகுப்புகள், பி.எட். அட்மிஷன் வழிகாட்டுதல்’. 2025 ஆகஸ்ட் முதல் நவம்பர் தேர்வு வரை சனி, ஞாயிறு பேட்ச்சில் முதல் தாளுக்கு இங்கே படித்தேன். கட்டணம் 9,000 ரூபாய். மெட்டீரியலுக்குத் தனியாக 1,800. சேரலாமா என்று கோத்தகிரியில் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்கு இப்படி எழுதிவிடுவது சுலபம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே பாடம் எடுக்கும் இரண்டு பேர் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. கவுன்ட்டரில் நடப்பதற்காக அவர்கள் பெயர் கெடக்கூடாது.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியும். நான் பி.காம். ஒரு தனியார் பள்ளியில் ஃபீஸ் ரசீது போடும் வேலை பார்த்தேன். எல்.கே.ஜி. மிஸ் லீவு போட்டால், “நீங்க கொஞ்சம் போய் உட்காருங்கம்மா” என்பார்கள். போய் உட்காருவேன். 2021 கடைசியில் அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க பிளஸ் டூ, ஆறு முதல் எட்டு வரை எடுக்க டிகிரி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் வீட்டுக்குக் கீழே எஸ்டேட் லைன் வீடுகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் வருவார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள், இரண்டு படுகர் வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் ஜார்க்கண்டிலிருந்து இலை பறிக்க வந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள். அந்தத் திண்ணையில்தான் இந்த ஆசை பிடித்தது.

பி.காம். என்றதும் எல்லோரும் “பி.எட். போட்டுடு” என்றார்கள். தமிழ்நாட்டில் பி.காம். வைத்துக்கொண்டு பி.எட். சேர முடியாது. வணிகவியலுக்கு எம்.காம். கேட்பார்கள், ஏனென்றால் பள்ளியில் காமர்ஸ் தொடங்குவதே பிளஸ் ஒன்னில்தான், அதை எடுப்பவர் முதுநிலை ஆசிரியர். பொருளியல்காரர்களுக்கும் இதே கதை. எனக்கு வேண்டியதோ சின்னப் பிள்ளைகள். ஆகவே பிளஸ் டூ மார்க்கை வைத்து டி.எல்.எட். சேர்ந்தேன். நம் ஊரில் இன்னும் டீச்சர் டிரெயினிங் என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருஷம். “டிகிரி வாங்கினவ பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தூக்கிட்டுப் போறாளே” என்று மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இப்போது அவர் அக்கா மகளுக்கு விண்ணப்பம் போடுவது எப்படி என்று என்னிடம்தான் கேட்கிறார்.

அந்த ஃபிளெக்ஸில் இருப்பது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. தொடங்குவதற்கு பிளஸ் டூ போதும்தான். நடுவில் இருக்கும் படிகளைத்தான் முழுங்கிவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட்டில், ஒன்று முதல் எட்டு வரை யார் பாடம் எடுக்கலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வரையறுத்தது. பயிற்சிப் படிப்பும் வேண்டும், தகுதித் தேர்வும் வேண்டும். எந்தப் படிப்பு என்பது நீங்கள் எந்த வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நிற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்று முதல் ஐந்து வரை என்றால் பிளஸ் டூவில் 50 சதவீதம் (ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு), இரண்டு வருஷ டி.எல்.எட்., டெட் முதல் தாள். ஆறு முதல் எட்டு வரை என்றால் பள்ளிப் பாடத்தில் ஒரு டிகிரி, அதன் மேல் பி.எட்., டெட் இரண்டாம் தாள். பி.எட். முன்பு ஒரு வருஷமாக இருந்தது, 2015-இலிருந்து இரண்டு வருஷம். பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக பி.எட். வழியில் போகிறவருக்கு டிகிரியோடு சேர்த்து ஐந்து வருஷம் ஆகும். ஃபிளெக்ஸைப் பார்த்தால் ஐந்து மாதம் என்று தோன்றும்.

இந்த வகுப்பைப் பற்றி ஒரே ஒரு நல்ல விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் கணக்கு சாரைச் சொல்வேன்.

ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வருவார். ஸ்வெட்டர் போடாமல் வந்து முதல் கால் மணி நேரம் கையைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். ‘ஏ ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், பி அதே வேலையை 18 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?’ என்ற கணக்கு டெட்டுக்குப் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பள்ளியில் 1/12, 1/18 என்று பின்னத்தில் போட்டு, கூட்டி, தலைகீழாகத் திருப்பி, பாதி நேரம் எதற்குத் திருப்புகிறோம் என்றே தெரியாமல் விடை எழுதியவள். சார் பின்னத்தைத் தொடவே இல்லை. “அந்த வேலை 36 கிலோ இலை பறிக்கறதுன்னு வெச்சுக்கங்க” என்றார். 12-க்கும் 18-க்கும் மீச்சிறு பொது மடங்கு 36. முதல் ஆள் ஒரு நாளைக்கு 3 கிலோ, இரண்டாவது ஆள் 2 கிலோ, சேர்ந்தால் 5 கிலோ. 36-ஐ 5-ஆல் வகுத்தால் ஏழு நாளும், மேலே ஐந்தில் ஒரு பங்கு நாளும். “ஒரு நாளைக்கு மூணு கிலோதான் பறிச்சா மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிடுவாரு சார்” என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. அவள் அம்மா இலை பறிப்பவர்.

விடை வந்ததும் மற்ற வாத்தியார்கள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். இவர் போக மாட்டார். “சரி, ஒரு அஞ்சாம் கிளாஸ் பையன், ஏன் 36-ன்னு எடுத்தீங்க, 72-ன்னு எடுத்தா தப்பான்னு கேக்கறான். என்ன சொல்லுவீங்க?” என்பார். ஒரு நாள் போர்டில் 1/3 + 1/4 = 2/7 என்று எழுதினார். மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டி வைத்திருக்கிறது ஏதோ ஒரு பிள்ளை. அதற்கு எப்படி விளக்குவது என்று கேட்டார். எல்லோரும் பகுதியைச் சமப்படுத்துவது எப்படி என்று விளக்கினோம். சார் அதைக் கேட்டுவிட்டு, “முதல்ல அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணு கேளுங்க. 2/7 பெருசா, 1/3 பெருசா? 1/3-தான் பெருசு. அப்போ கையில இருந்ததோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, இருந்ததைவிடக் குறையுமா?” என்றார். டி.எல்.எட். படித்த இரண்டு வருஷத்தில் ஒருவரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. முதல் தாளில் கணக்குக்கு 30 மதிப்பெண். மாதிரித் தேர்வுகளில் நான் பன்னிரண்டில் தொடங்கி இருபத்தாறுக்கு வந்தேன். அது முழுக்க இவர் புண்ணியம்.

குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதிக்கும் 30. இதற்கு வந்த சார் நல்ல மனிதர், குரலும் கணீரென்று இருக்கும். ஆனால் நோட்ஸை வாசிப்பார். உளவியலாளர் பியாஜே, குழந்தையின் சிந்தனை வளர்வதில் நான்கு நிலைகள், பிறப்பு முதல் இரண்டு, இரண்டு முதல் ஏழு, ஏழு முதல் பதினொன்று, அதற்கு மேல். அடுத்தது கோல்பெர்க். அடுத்தது கோலர், அவருடைய சிம்பன்ஸியின் பெயர் சுல்தான். அடுத்தது தார்ன்டைக், பூனை. இப்படி ஒரு சனிக்கிழமையில் எட்டு பேரைக் கடந்து போனோம். தேர்வில் பெயரையும் வயதையும் நேராகக் கேட்கும் கேள்விகள் உண்டுதான். ஆனால் ‘ஓர் ஆசிரியர் வகுப்பில் இப்படிச் செய்கிறார், இது எதைக் காட்டுகிறது’ என்ற மாதிரிக் கேள்விகளில்தான் மார்க் போகும், அதற்கு இந்த வாசிப்பு உதவாது. பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையை வகுப்பில் ஒரே வாக்கியத்தில் முடித்தார். நான் வீட்டில் ஒரு அகலக் கிண்ணத்திலும் ஒரு ஒல்லி டம்ளரிலும் என் ஐந்து வயது மகளுக்கு முன்னால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். டம்ளரில்தான் அதிகம் என்று சத்தியம் செய்தாள். திரும்பக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. இதைப் பார்த்த பிறகு இரண்டு முதல் ஏழு என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. வகுப்பில் இதைச் செய்து காட்ட இரண்டு டம்ளர் போதும், கீழே பேக்கரியிலேயே தருவார்கள்.

அவரிடம் ஒரு தடவை கேட்டேன்: வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று இருக்கும் பிள்ளைக்கு எப்படித் தொடங்குவது? ஜார்க்கண்ட் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் கேட்டேன். “அது நம்ம நோட்ஸ்ல இல்லம்மா” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா? படுகு, தோடர், கோத்தர் மொழிகள், கூடலூர்ப் பக்கம் மலையாளம், பணியர் வீடுகளில் வேறொன்று, இப்போது எஸ்டேட் எஸ்டேட்டாக இந்தி. இந்த மாவட்டத்தில் டீச்சராகப் போகிற ஆளுக்கு வேறு எந்தக் கேள்வி முதலில் வரப்போகிறது?

பதில் தமிழ் மிஸ்ஸிடமிருந்து வந்தது. டீ இடைவேளையில் கூப்பிட்டு, கூடலூர்ப் பக்கப் பள்ளியில் தான் செய்ததைச் சொன்னார். பிள்ளையின் மொழியில் பத்து வார்த்தை நாம் முதலில் கற்றுக்கொள்வது. தண்ணீர், வலிக்கிறது, வெளியே போகணும், அம்மா, பசி, அந்த மாதிரி. படத்தைக் காட்டினால் பிள்ளை தன் மொழியில் சொல்லட்டும், அதை மற்ற பிள்ளைகளும் திருப்பிச் சொல்லட்டும், அதற்கப்புறம் தமிழ்ச் சொல். “முதல் வாரம் நீங்கதான் ஸ்டூடன்ட்” என்றார். வகுப்பில் அவர் எடுத்ததும் நன்றாகவே இருந்தது. ஆறாம் வகுப்பு இலக்கணத்திலிருந்து தொடங்கி, புணர்ச்சி விதிகளை வாரம் ஒன்றாகப் போட்டார், அவசரமே இல்லை. கணக்கு சாருக்கும் இவருக்கும்தான் நான் மேலே சொன்ன மரியாதை.

ஆங்கிலம் பரவாயில்லை ரகம். சூழ்நிலையியல் மெட்டீரியலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், 1,800 ரூபாயில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் தொடங்கிய ஆண்டு 1989 என்று அச்சடித்திருக்கிறார்கள். 1986. நாட்டிலேயே முதல் உயிர்க்கோளக் காப்பகம் அது. 1989 என்பது மன்னார் வளைகுடாவுக்கு உரிய ஆண்டு, எங்கேயோ இரண்டு வரி இடம் மாறியிருக்கிறது. வேறு ஊரில் அச்சடித்து வந்திருந்தால் போகட்டும் என்று விடலாம். குன்னூரில் உட்கார்ந்து அச்சடித்ததில் நீலகிரியே தப்பு. சொன்னேன், அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார்கள். அக்டோபரில் சேர்ந்தவர்களுக்கும் அதே 1989 புத்தகம்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த மெட்டீரியல் வேண்டவே வேண்டாம். கேள்விகள் பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகங்களிலிருந்தே வருகின்றன, அவை அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை பிடிஎஃப் இறக்கி, தேவையான பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டால் பாதிச் செலவுகூட ஆகாது. ‘மெட்டீரியல் கட்டாயம்’ என்பார்கள். கட்டாயம் இல்லை, அழுத்திச் சொன்னால் விட்டுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு வகுப்பின் முகமே மாறிவிட்டது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷ அவகாசம். ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் எழுதாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. இதுதான் தீர்ப்பின் சாரம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே பெஞ்ச் போதவில்லை. எங்களுக்குப் பாடம் எடுத்திருக்கக்கூடிய வயதில் டீச்சர்கள், சார்கள், ஒரு தலைமையாசிரியை. ஒருவர், “நீ கோத்தகிரில மூணாங்கிளாஸ் என்கிட்டதானே படிச்ச?” என்று என் பெஞ்ச் தோழியைக் கேட்டார். அவள் எழுந்து நின்றுவிட்டாள். பழக்கதோஷம்.

என் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சர் 1998-இல் வேலைக்கு வந்தவர். ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். “கண்ணு, இந்தக் கோல்பெர்க் யாரு? நான் டிரெயினிங் படிச்சப்போ இவரு வரலையே” என்று கேட்பார். நான் கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சி நிலைகளைச் சொல்வேன். பதிலுக்கு அவர், மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குக் காலையிலேயே எழுத்து வேலை கொடுத்துவிட்டு ஒன்று, இரண்டோடு தரையில் உட்காருவது எப்படி, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது, மழை நாளில் ஏழு பிள்ளைகள் மட்டும் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்வார். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு எந்தப் பிள்ளையை எந்த நிலையில் வைப்பது என்பதை அவர் விளக்கியது போல யாரும் விளக்கியதில்லை. இந்தப் பரீட்சை அவருடைய திறமையை எப்படி அளக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு அந்தக் கோபமெல்லாம் இல்லை. வீட்டுப்பாடத்தை முதலில் முடிப்பவர் அவர்தான்.

இதில் நிர்வாகம் செய்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. பயந்து வந்தவர்களுக்கென்று ‘பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கான சிறப்பு பேட்ச்’ என்று 15,000 ரூபாய்க்கு ஒரு போர்டு வைத்தார்கள். அதே அறை, அதே வாத்தியார்கள், அதே நேரம், எங்களோடு அதே பெஞ்ச். கூடுதலாகக் கொடுத்தது ஒரு ஃபைலும் ஒரு பேனாவும்.

ஞாயிறு மதியம் மாதிரித் தேர்வு. 150 கேள்வி, மூன்று மணி நேரம், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும். இதைக் குறை சொல்ல இடமில்லை. நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்கிவிடுவார்கள், அடுத்த சனிக்கிழமை மார்க் ஒட்டியிருக்கும். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒன்றையும் விடாமல் எழுதப் பழக்கினார்கள். பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. அந்த 90-ஐ அவர்கள் ஒரு சிவப்புக் கோடாகப் போட்டு மேலே யார், கீழே யார் என்று பெயரோடு ஒட்டுவது மட்டும் வேண்டாத வேலை. குழந்தையை மற்ற குழந்தையோடு ஒப்பிடக்கூடாது என்று காலையில் பாடம் எடுத்துவிட்டு மாலையில் இதைச் செய்கிறார்கள்.

இடம்: ஜன்னல் ஒன்று மூடாது, அக்டோபரில் மூடுபனி உள்ளேயே வரும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு, தண்ணீர் மதியத்துக்கு மேல் இருக்காது. வகுப்பு நாலரைக்கு முடியும் என்பார்கள், ஐந்தாகிவிடும். வண்டிச்சோலை வழியாகக் கோத்தகிரி போகிறவர்கள் முதலிலேயே சொல்லி வைத்தால் பின்பெஞ்சிலிருந்து எழுந்து போக விடுவார்கள். மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அந்த வாரப் பாடத்தை ஆடியோவாக அனுப்புகிறார்கள், நல்ல பழக்கம்.

இனி கவுன்ட்டர்.

டீ இடைவேளையில் கவுன்ட்டர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்பதால் நடப்பதெல்லாம் காதில் விழும். ஒரு சனிக்கிழமை பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். பிளஸ் டூ பாஸ், ரிசார்ட்டில் வேலை, வாத்தியார் ஆகணும் என்று ஆசை. கவுன்ட்டரில் இருந்தவர், “பிளஸ் டூ போதும் தம்பி. டிகிரி, பி.எட். ரெண்டையும் வெளி மாநிலத்துல முடிச்சுக் கொடுத்துடறோம். கிளாஸுக்குப் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போய்ட்டு வந்தா போதும். எல்லாம் சேர்த்து ஒண்ணே கால் லட்சம். இப்போ இருபதாயிரம் கட்டுங்க” என்றார். கூடவே டெட் வகுப்பிலும் இன்றே சேர்ந்துவிடலாம் என்றார். அவன் படித்திருப்பது பிளஸ் டூ. டெட் எழுதவே இன்னும் வருஷக்கணக்கு இருக்கிறது. அவனிடம் 9,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பி.எட். என்றால் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் நிற்பதுதான் அதன் உயிர். இரண்டாம் வருஷத்தில் மட்டும் பதினாறு வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். வகுப்புக்கே போகாத பி.எட். எப்படி பி.எட். ஆகும்? சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் பணமும் போகும், வருஷமும் போகும், வயசும் போகும். தபால் வழியில் பி.எட். என்று ஒன்று உண்டா என்றால் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. ஒரு பயிற்சியும் இல்லாத ஆளுக்கு அந்தக் கதவு கிடையாது. இதைக் கவுன்ட்டரில் ஒரு நாளும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தத் தம்பியைக் கீழே பேக்கரியில் உட்கார வைத்து ஒரு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தேன். எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கணும் என்று கேட்டேன். அவன் அதை யோசித்திருக்கவில்லை. “பெரிய கிளாஸ்க்கா, விளையாட்டு, சயின்ஸ் அப்படி” என்றான். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, 62 சதவீதம். அப்படியென்றால் அவனுக்கு பி.எஸ்சி., அப்புறம் பி.எட். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தால் செலவு கைக்குள் இருக்கும். கொஞ்சம் துணிந்தால் மைசூரில் மண்டலக் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது. தென் மாநிலப் பிள்ளைகளுக்கென்று 1963-இலிருந்து நடக்கிற மத்திய அரசு நிறுவனம், டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்து நாலே வருஷம், நுழைவுத் தேர்வு உண்டு. கூடலூரிலிருந்து மைசூர் அவனுக்குக் கோயம்புத்தூரைவிடத் தூரமில்லை. அல்லது சின்ன வகுப்பு போதும் என்றால் என் வழி, டயட்டில், அதாவது மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில், டி.எல்.எட். கேட்டுக்கொண்டே இருந்தவன், “இதையெல்லாம் ஏங்க்கா மேல சொல்லல?” என்றான். சொன்னால் ஒண்ணே கால் லட்சம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, பி.எட். முடித்தவர்களுக்கு இங்கே ‘இரண்டு தாள் காம்போ’ என்று 14,000-க்கு விற்கிறார்கள். பி.எட். படித்தவர் ஒன்று முதல் ஐந்து வரை வேலைக்கு வரலாம் என்று 2018-இல் வந்த அறிவிப்பை 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே வெறும் பி.எட். வைத்திருப்பவருக்கு முதல் தாளால் பயன் இல்லை. என் பேட்ச்சில் குறைந்தது ஐந்து பேர் இந்தக் காம்போவில் இருந்தார்கள். விஷயம் தெரிந்து கேட்டபோது, “ரெண்டும் படிச்சு வெச்சா அறிவுதானேம்மா” என்று பதில் வந்தது.

டெட் தேறிவிட்டால் வேலை என்றும் அங்கே பேச்சு ஓடும். 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு தமிழ்நாட்டில் டெட் என்பது போட்டித் தேர்வு எழுதுவதற்கான அனுமதிதான். அதற்கப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் நியமனத் தேர்வு தனியாக உண்டு, அதில் தமிழ்த் தகுதிப் பகுதியில் தேறாவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். டெட் சான்றிதழ் முன்பு ஏழு வருஷம்தான் செல்லும். 2021-இல் அதை வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள், அது ஒரு நிம்மதி. இடையில் காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 15,000, முதுநிலைக்கு 18,000 என்று மாதச் சம்பளம் நிர்ணயித்தார்கள். டெட் தேறியவர்களுக்கு முன்னுரிமை, இல்லம் தேடிக் கல்வியில் இருந்தவர்களையும் கணக்கில் எடுத்தார்கள். ஆகையால் அந்தத் தன்னார்வலர் சான்றிதழை யாராவது தொலைத்திருந்தால் தேடி வையுங்கள்.

ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்றால் வகுப்பறைக்கு நான்கு, கவுன்ட்டருக்கு ஒன்றுகூடக் கிடையாது. டி.எல்.எட். அல்லது பி.எட். கையில் இருக்கிறது, கணக்கு பயமாக இருக்கிறது, வீட்டில் தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடவில்லை என்பவர்கள் தாராளமாகச் சேரலாம். இன்னும் பயிற்சிப் படிப்பே சேராதவர்கள் இந்த மாடி ஏற வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள். வாரநாளில் போக முடிகிறவர்கள் முதலில் அங்கே விசாரித்துவிட்டு வாருங்கள்.

சேருகிறவர்கள் பணத்தை ஒரே தடவையில் கட்டாதீர்கள், மூன்று தவணை உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். ரசீதும் அப்படித்தான், கேட்டு வாங்குங்கள், அதில் எந்தத் தாள், எந்த பேட்ச் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு அப்புறம் பணம் திரும்ப வராது. கணக்கு மட்டும் தனியாகச் சேர முடியுமா என்று கேட்டால் கவுன்ட்டரில் ‘அப்படி இல்லை’ என்பார்கள். கணக்கு சாரிடமே நேராகப் போய்க் கேளுங்கள். என் பெஞ்ச் தோழியின் தங்கைக்கு 3,500 ரூபாய்க்கு, ஞாயிறு மாதிரித் தேர்வையும் சேர்த்தே, அவர்தான் பேசி வாங்கிக் கொடுத்தார்.